மறுபரிசோதனைக்கு வராத நோயாளி

அன்புள்ள செலின்,

இன்று காலைப் பூசையில் உன் கல்யாண அறிவிப்பு ஓலையை முதல் தடவை வாசித்தார்கள். உன் பெயருக்கு முன்னால் என் பெயரும் அம்மாவின் பெயரும் வந்தன. இன்னாருடைய மகள் என்று பங்குச் சாமியார் வாசித்ததும் முன் பெஞ்சிலிருந்த இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "போன் போட்டுச் சொல்லுங்க, சந்தோஷப்படும்" என்றாள். நான் போனை எடுக்காமல் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மகளின் கல்யாண ஓலை வாசித்த நாளில் ஒரு தகப்பன் எழுதக்கூடிய கடிதம் இது இல்லைதான். ஆனாலும் கல்யாணத்துக்குப் பிறகு எழுதினால் அது இரண்டு பேருடைய வீட்டுக்கு வரும் கடிதமாகிவிடும். இன்னும் நீ என் மகளாக மட்டும் இருக்கும்போதே இதை எழுதிவிட வேண்டும்.

நீ முதல் வகுப்பில் இருந்தபோது சங்கரா மீன் முள் ஒன்று உன் தொண்டையில் சிக்கிக்கொண்டது. சோற்று உருண்டை, வாழைப்பழம் எல்லாம் கொடுத்துப் பார்த்தோம், இறங்கவில்லை. ஸ்கூட்டரில் உன்னை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நெற்றியில் கண்ணாடி கட்டிய டாக்டர் ஒரு நிமிஷத்தில் முள்ளை எடுத்துவிட்டார். திரும்பி வரும்போது நீ அழவில்லை. "ஏம்பா, சோறு எந்த வழியா போவுது? மூச்சு எந்த வழியா போவுது? வாயி ஒண்ணுதானப்பா?" என்று சாரத்தில் நம் வீடு வந்து சேரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாய். எனக்குத் தெரியவில்லை. "நீ படிச்சி எனக்குச் சொல்லு" என்றேன். சொன்னபடியே படித்தாய். லாஸ்பேட்டையில் கல்லூரி, பிறகு சென்னை. மனிதர்கள் எப்படி விழுங்குகிறார்கள் என்று எக்ஸ்ரேயிலும் ஸ்கேனிலும் படம் பிடித்து ஆராய்ச்சி செய்கிறாய் என்று சேதராப்பட்டில் எங்கள் கம்பெனி முழுக்கச் சொன்னேன். பெயிண்ட் டப்பா செய்கிற இடத்தில் அது யாருக்குப் புரியும்? "முழுங்கறதுக்குக் கூடவா ஒரு படிப்பு?" என்று என் ஷிப்டிலேயே ஒருவன் சிரித்தான். அவனோடு நான் ஒரு மாதம் பேசவில்லை.

நான் ஓய்வு பெற்ற அடுத்த வருஷம் பக்கவாதம் வந்தது. காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது இடது கை தம்ளரை விட்டது. உயிர் பிழைத்தேன். வலது கை தப்பியது, அதனால்தான் எழுதுகிறேன். ஆனால் பேச்சு குழறியது, சாப்பாடு சரியாக இறங்கவில்லை. வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் காய்ச்சல், நெஞ்சில் சளி. மறுபடியும் ஆஸ்பத்திரி. நிமோனியா என்றார்கள். சாப்பிடுவது நுரையீரலுக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும், விழுங்கும்போதே படம் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். நீ அன்றே சென்னையிலிருந்து பஸ் பிடித்து வந்தாய். அம்மாவுக்குப் பாதி பயம் அப்போதே போய்விட்டது. எத்தனை வீட்டில் இதற்கென்றே படித்த பிள்ளை இருக்கிறது?

அந்த அறையை நீ உன் கண்ணால் பார்த்தாய், நான் என் கண்ணால் பார்த்தேன். ஒரு நாற்காலியில் என்னைப் பக்கவாட்டில் உட்கார வைத்து, ஒரு பெண் சுண்ணாம்புத் தண்ணி போல ஒன்றைக் கரண்டியில் எடுத்து வாயில் ஊட்டினாள். பேரியம் என்று சொன்னாள். முதலில் தண்ணியாக, பிறகு கஞ்சி போல, பிறகு பிஸ்கட்டில் தடவி. எதிரே இருந்த திரையில் என் தலை தெரிந்தது. தோல் இல்லை, முகம் இல்லை. பல் வரிசை, கழுத்தெலும்பு, தாடையில் பழைய ஸ்கூட்டர் விபத்தில் வைத்த தகடு, அதன் திருகுகள். நாக்கின் மேலிருந்து அந்தப் பேரியம் திரையில் கறுப்பாக உருண்டு வந்து தொண்டையில் நின்றது. பெரும்பாகம் பின்வழியாக இறங்கியது. ஒரு மெல்லிய நூல் மட்டும் முன்வழியாக, மூச்சுக்குழாய்க்குள் வழிந்தது. எனக்கு இருமல் வரவில்லை. எரிச்சல் இல்லை, அடைப்பு இல்லை, ஒன்றுமே தெரியவில்லை. திரையைப் பார்த்திருக்காவிட்டால் நன்றாக விழுங்கிவிட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். என் உடம்பு எனக்கே சொல்லாமல் என்னைக் கொல்லப் பார்த்தது. அந்தத் திகிலை நான் இன்றுவரை யாரிடமும் பேசியதில்லை.

நீ அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாய். நிறுத்தினாய், பின்னால் இழுத்தாய், மறுபடி ஓட்டினாய். உன் கண் கலங்கியிருந்தது என்றுதான் நினைத்தேன். இப்போது யோசித்தால் எனக்கு நிச்சயமில்லை. பிறகு கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பா, இனிமே வாயில ஒண்ணும் வேணாம். தண்ணிகூட வேணாம். வயித்துல குழா வெச்சி அது வழியா குடுத்துக்கலாம். மூணே மாசம். அப்புறம் திரும்பப் படம் எடுத்துப் பார்த்துட்டு சாப்புடலாம்" என்றாய். நீ சொன்னது சரிதான். அந்த நேரத்தில் அந்தக் குழாய் இல்லாவிட்டால் நான் செத்திருப்பேன். அதை மறுக்க மாட்டேன், யாராவது மறுத்தாலும் விடமாட்டேன். நீ நீட்டிய தாள்களில் கையெழுத்துப் போட்டேன். எதற்கு என்று கேட்கவில்லை. மகள் நீட்டும் தாளை எவன் படித்துப் பார்ப்பான்?

வயிற்றில் குழாயோடு வாழ்வது எப்படி என்று நீ எங்கேயாவது எழுதியிருக்கிறாயா? அம்மா வடிகட்டிய கஞ்சியையும் பாலையும் ஊசிக்குழலில் எடுத்து நேரத்துக்கு ஊற்றுவாள். வயிறு நிறையும். வாய்க்கு அது தெரியாது. நாக்கு மரக்கட்டை போலக் காய்ந்து கிடக்கும், ஈரத் துணியால் துடைத்துவிடுவாள். பக்கத்து வீட்டில் தாளிக்கும்போது என் வாயில் எச்சில் ஊறும். அந்த எச்சிலைத் துப்பவா, விழுங்கவா என்று பயப்படுவேன். கோயிலில் எல்லோரும் நன்மை அப்பம் வாங்க வரிசையில் போகும்போது நான் பெஞ்சிலேயே இருப்பேன். சாமியார் இறங்கி வந்து என் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போவார். வீட்டில் மீன் வாங்குவது நின்றது, வறுப்பது நின்றது. அம்மாவிடம் கேட்டால், "எனக்கே புடிக்கல போங்க" என்பாள். ஒரு நாள் மதியம் தூக்கம் கலைந்து எழுந்து பார்த்தபோது, மொட்டைமாடிப் படியில் மேலே, கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு, மடியில் கிண்ணத்தை வைத்துப் பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் கண்ணில் படாமல் தினமும் அங்கேதான் சாப்பிட்டிருக்கிறாள். நான் பார்த்ததை அவளிடம் காட்டிக்கொள்ளாமல் திரும்பி வந்து படுத்துவிட்டேன்.

மாப்பிள்ளையை நீ முதல் தடவை வீட்டுக்குக் கூட்டிவந்தது அந்தக் காலத்தில்தான். அம்மா கோழி வெந்தாளுக் குழம்பு வைத்தாள், வினிகர் வாசனை வீடு முழுக்க. நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பையன் தட்டில் கை வைக்காமல், "அப்பா சாப்புடலையா?" என்று கேட்டான். நீ அவனுக்கு அப்பளத்தை நகர்த்திக்கொண்டே, "அப்பாவுக்கு டியூப் ஃபீடு. அவருக்குப் பசியே தெரியாது, நீ சாப்புடு" என்றாய். அவன் என் முகத்தைப் பார்த்தான். நீ பார்க்கவில்லை. செலின், அன்று எனக்கு இருந்த பசியை நான் வாழ்நாளில் அறிந்ததில்லை. கல்யாணம் ஆகப்போகிற பெண்ணுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்றால் எனக்கு இந்த ஒன்றுதான் தோன்றுகிறது. உன்னோடு வாழ்கிறவனுக்குப் பசிக்கிறதா இல்லையா என்று அவனைத்தான் கேட்க வேண்டும். நீயாகச் சொல்லக் கூடாது, எவ்வளவு படித்திருந்தாலும்.

மூன்று மாதம் ஆனதும் ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவைப் போனில் கூப்பிட்டார்கள், மறுபடி படம் எடுக்க வரச் சொல்லி. அம்மா உன்னைக் கேட்டாள். "அங்க வேணாம்மா, எங்க லேப்லயே எடுக்கலாம். எங்க மெஷின்ல இன்னும் தெளிவா வரும். நான் தேதி சொல்றேன்" என்றாய். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, "எம் பொண்ணு பார்த்துக்குது" என்று பெருமையாகவே சொன்னாள். உன் தேதி வரவில்லை. மெஷின் ரிப்பேர் என்றாய். பிறகு உன் பேராசிரியர் வெளிநாடு போயிருக்கிறார் என்றாய். பிறகு அனுமதி வர வேண்டும் என்றாய். பிறகு நாங்கள் கேட்பதைக் குறைத்துக்கொண்டோம், உனக்குத் தொந்தரவாக இருக்குமென்று. கிறிஸ்துமஸ் வந்தது, ஈஸ்டர் வந்தது. மறுபடியும் கிறிஸ்துமஸ் வந்தபோது அம்மா கேக்கை வெட்டி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாள், வீட்டில் ஒரு துண்டு வைக்கவில்லை. சென்னை என்ன கடல் கடந்தா இருக்கிறது? கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரம்.

அதற்குப் பிறகுதான் உன் கூட்டம். புதுச்சேரியில் டாக்டர்களும் நோயாளி வீட்டாரும் கலந்துகொள்ளும் கூட்டத்தில் நீ பேசப்போவதாகச் சொன்னாய். "ரெண்டு பேரும் வாங்கப்பா, தமிழ்லதான் பேசறேன்" என்றாய். அம்மா பட்டுப்புடவை கட்டினாள். நான் குழாயை மடித்துக் கட்டி மேலே தொளதொளவென்று சட்டை போட்டுக்கொண்டேன். மீன் முள் கதையில் ஆரம்பித்தாய். "எங்கப்பா ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போனார்" என்று நீ சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவரின் தோளைத் தட்டி, அந்த அப்பா நான்தான் என்று சொல்ல வாய் துடித்தது. பிறகு விளக்கை அணைத்துப் படத்தை ஓட்டினாய். பல் வரிசை, கழுத்தெலும்பு. தாடையில் தகடு, திருகுகள். கறுப்பாக உருண்டு வந்தது. நூல் போல முன்வழியில் வழிந்தது. நீ அங்கே நிறுத்தினாய். "பாருங்க, உள்ள போயிடுச்சி. ஆனா இவருக்கு இருமல் வரல. இவருக்கு ஒண்ணுமே தெரியல" என்றாய். கூட்டத்தில் அடடா என்று ஒரு சத்தம் எழுந்தது. அம்மா என் கையைப் பிடித்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது.

விளக்குப் போட்ட பிறகு ஒரு பெரியவர் எழுந்தார். அவர் மனைவிக்கும் இதே தொல்லை போலிருக்கிறது. "அந்தப் படத்துல இருந்தவரு இப்ப எப்படிம்மா இருக்காரு? வாயால சாப்புட ஆரம்பிச்சிட்டாரா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. எனக்கும் அந்தப் பதில் வேண்டியிருந்தது. நீ காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "தெரியலைங்க சார். அந்தப் பேஷன்ட் மறுபரிசோதனைக்கு வரல." அடுத்த கேள்விக்குப் போய்விட்டாய். நான் உனக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன், செலின். கொஞ்சம் நிமிர்ந்திருந்தால் என்னைப் பார்த்திருப்பாய்.

ஆட்டோவில் திரும்பும்போது அம்மாதான் கேட்டாள். "அது அப்பா படந்தானே?" நீ ஆச்சரியப்பட்டாய், நாங்கள் கண்டுபிடித்ததற்காக. "பேர் போடலையேம்மா. முகமும் தெரியாது. சைன் வாங்கிட்டுத்தானே போட்டேன்" என்றாய். நான் குழறிக் குழறி, "வரலன்னு சொன்னியே" என்றேன். "என்னப்பா?" என்றாய். மறுபடி சொன்னேன். "அது அப்படித்தான்பா சொல்லணும். சொந்த அப்பான்னு சொன்னா ஆராய்ச்சியையே சந்தேகப்படுவாங்க" என்றாய். நீ சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்று இப்போதும் நம்புகிறாயா? சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அதற்கு மேல் ஒன்று இருக்கிறது, அதை எந்த வகுப்பிலும் உனக்குச் சொல்லித்தரவில்லை. நாங்களும் சொல்லித்தரவில்லை. உன்னை எதற்கும் மறுத்துப் பேசியதே இல்லை நான். அதற்கு வட்டியும் முதலுமாக இப்போது வாங்கிக்கொள்கிறேன்.

மறுநாள் காலையில் அம்மாவிடம் செருப்பை எடுத்து வைக்கச் சொன்னேன். உன்னைக் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதே அறை, அதே நாற்காலி. ஊட்டிய பெண் மட்டும் வேறு. தண்ணி கொடுத்தபோது இன்னும் கொஞ்சம் வழிதவறித்தான் போனது. ஆனால் இந்தத் தடவை எனக்கு இருமல் வந்தது. அந்த இருமலுக்கு அந்தப் பெண் கைதட்டினாள். பிறகு கஞ்சி, மசித்த பழம். "தாடையக் கீழ தாழ்த்திக்கிட்டு முழுங்குங்க, ஒரு வாய்க்கு ரெண்டு தடவ முழுங்குங்க" என்றாள். கறுப்பு உருண்டை பின்வழியாக நேராக இறங்கியது. ஒரு நூல்கூட முன்னால் போகவில்லை. கெட்டியாக, மசித்து, மெதுவாக எல்லாம் சாப்பிடலாம் என்றார் டாக்டர். "முன்னாடியே வந்திருக்கலாமே, எப்பவோ ஆரம்பிச்சிருக்கலாம்" என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அம்மா பையில் போனைத் தேடினாள்.

அவள் அங்கிருந்தே உனக்குப் போன் செய்தாள், ஸ்பீக்கரில் போட்டு. "செலினு, அப்பா சாப்புடலாமாம்" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். நீ சொன்ன முதல் வார்த்தையை அப்படியே எழுதுகிறேன். "அந்த வீடியோவ வாங்கி வெச்சிக்குங்கம்மா. முன்னாடி எடுத்ததையும் இதையும் பக்கத்துல பக்கத்துல போட்டுக் காட்டலாம், சூப்பரா இருக்கும்." அம்மா போனைத் துண்டித்துவிட்டாள். நீ பிறந்ததிலிருந்து அவள் உன் பேச்சை நடுவில் நிறுத்தியது அது ஒன்றுதான். நான் உள்ளே போய், அந்தப் படத்தை என் வைத்தியத்துக்குத் தவிர யாருக்கும் எதற்கும் தரக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். நீ ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்த்து, தர முடியாது என்றதும் அங்கே ஏதோ குளறுபடி என்று நினைத்தாயாமே. குளறுபடி இல்லை. நான்தான்.

அன்று மதியம் அம்மா குழைந்த சோற்றில் பருப்பும் நெய்யும் விட்டு மசித்துக் கொண்டுவந்தாள். முதல் வாயை நாக்கில் வைத்ததும் எனக்கு ருசியே தெரியவில்லை. இரண்டாவது வாயில் உப்பு தெரிந்தது. அப்புறம் நெய். நான் அவளிடம், "நீயும் தட்டு வெச்சிக்க" என்றேன். எதிரில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தாள், பிசைந்துகொண்டே இருந்தாள், ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்துவிட்டு அப்படியே விம்ம ஆரம்பித்தாள். ஒன்றரை வருஷமாகப் படிக்கட்டில் ஒளிந்து சாப்பிட்டவளுக்கு மேஜையில் உட்கார்ந்து ஒரு வாய் இறங்கவில்லை. உன் எந்த மெஷினிலும் அது விழாது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு வந்தாய். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நீ வாசலிலேயே நின்று நான் விழுங்குவதைப் பார்த்தாய். உன் முகம் மலர்ந்தது. அந்த ஒரு கணம் நான் எல்லாவற்றையும் மறந்துவிடத் தயாராக இருந்தேன், இதை நீ நம்ப வேண்டும். பிறகு பையிலிருந்து போனை எடுத்து என் கழுத்துக்கு நேராகப் பிடித்தாய். "அப்பா, அசையாம இன்னொரு வாய் முழுங்குங்களேன்" என்றாய். அம்மா எழுந்து உன் போன் மேல் கையை வைத்து மூடினாள். "போன உள்ள வெச்சிட்டு, தட்டு எடுத்துட்டு வந்து உக்காரு" என்றாள். "இதுல என்னம்மா தப்பு? எத்தன பேருக்கு உபயோகப்படும் தெரியுமா?" என்றாய். தெரியும் செலின். எத்தனையோ பேருக்கு உபயோகப்படும். கூட்டத்தில் எழுந்து கேட்ட அந்தப் பெரியவருடைய மனைவிக்கு உபயோகப்படும். நீ உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கை கழுவிவிட்டு, "அப்பா, எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டிருந்தால் நானே தாடையைத் தாழ்த்திக் காட்டியிருப்பேன். நீ பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பத்திரிகைகளை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாய்.

கல்யாணத்துக்கு வருவேன். பீடம்வரை உன் கையைப் பிடித்து நடந்து வருவேன், கால் இழுத்தாலும் வருவேன். அன்று நான் நன்மை வாங்கப்போகிறேன். அப்பத்தில் ஒரு துணுக்கை மசித்துக் கரண்டியில் தருவதாகச் சாமியார் சொல்லியிருக்கிறார். விருந்தில் எல்லோரோடும் மேஜையில் உட்காருவேன். இப்போது போலவே அப்போதும் உன் மேல் எனக்குக் கோபம் இருக்கும், அது அதற்குள் தீராது. தீர்ந்துவிட்டதாக நடிக்கவும் மாட்டேன். ஆனால் விருந்தில் யாராவது உன்னிடம் வந்து, அப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பார்கள். நீ பதில் சொல்லாதே. அதோ உட்கார்ந்திருக்கிறார், அவரையே கேளுங்கள் என்று சொல். நான் சொல்லிக்கொள்கிறேன். கொஞ்சம் நேரமாகும். காத்திருக்கட்டும்.

உன் அப்பா